அறை வேண்டாம் என்று சொன்னவள்

அந்தப் பள்ளியில் நூலகர் உண்டு, புத்தகங்கள் உண்டு, நூலகம்தான் கிடையாது. நூலகம் என்று பதிவேட்டில் இருந்தது ஒரு தள்ளுவண்டி. எங்கோ மூடிப்போன மருத்துவமனையிலிருந்து தானமாக வந்தது. மூன்று தட்டுகள். மேல் தட்டில் ‘ஊசி’, நடுத்தட்டில் ‘கட்டுத்துணி’, கீழ்த்தட்டில் ‘மற்றவை’ என்று பெயின்டில் எழுதியிருந்தது. நூலகர் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். அந்தக் காலத்துப் பெயின்ட், அசையவில்லை. சரி போகட்டும் என்று கதைப் புத்தகங்களை ஊசியிலும், அறிவியலைக் கட்டுத்துணியிலும், அகராதிகளை மற்றவையிலும் அடுக்கிவிட்டாள். “மிஸ், ஊசியில புதுசா என்ன வந்திருக்கு?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவளுக்கு வண்டி மிஸ் என்று பெயர் விழுந்தது.

வண்டி மிஸ்ஸுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை, ஓர் அறை. எந்த அறை என்பதும் அவளுக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் கடைசியாக இருந்த பழைய ஆய்வகம். இரண்டு பெரிய ஜன்னல்கள், காலையில் நல்ல வெளிச்சம், சுவர் நெடுக அலமாரி. ஆய்வகம் வேறு கட்டடத்துக்குப் போனதிலிருந்து அது பூட்டியே கிடந்தது. நான்கு வருடத்தில் பதினோரு முறை எழுதிக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் தலைமையாசிரியர் மனுவை மிகுந்த மரியாதையோடு வாங்கி, அதைவிட மரியாதையோடு ஒரு கோப்புக்குள் வைத்து, அந்தக் கோப்பின்மேல் தண்ணீர் பாட்டிலை வைப்பார்.

பன்னிரண்டாம் முறை போனபோது அவரே முந்திக்கொண்டார்.

“டீச்சர், புது விதி வந்திருக்கு. வெளிநாட்டுல பயிற்சி எடுத்த நூலகர் இருந்தாத்தான் நூலகத்துக்கு அறை ஒதுக்கலாமாம்.”

“அப்ப நான் என்ன சார் பண்றது?”

“வெளிநாடு போங்க. ஒன்பது நாள் பயிற்சி, எல்லாம் துறையே பாத்துக்கும். போயிட்டு வாங்க, வந்ததும் அந்த அறைச் சாவி உங்க கையில. நான் சொன்னா சொன்னதுதான்.”

அறைக்கும் வெளிநாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் விதி மாறிவிடும் என்ற பயத்தில் வண்டி மிஸ்ஸும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் தையல்காரர், வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர்.

“பக்கத்து அறைக்குப் போறதுக்கு விமானமா?” என்றார்.

“நீங்க சும்மா இருங்க. எனக்குச் சாவி வேணும்.”

பயிற்சி நடந்த இடம் ஒரு பள்ளி நூலகம். உள்ளே கால் வைத்ததும் வண்டி மிஸ்ஸுக்கு வயிறு எரிந்தது. ஜன்னலடியில் மெத்தை வைத்த இருக்கைகள். நடுவில் வட்டமான கம்பளம். எட்டு வயதுப் பிள்ளை கையை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் அலமாரிகள். ஒரு மூலையில் இரண்டு பிள்ளைகள் ஒரே புத்தகத்தைத் தலை முட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்கள். ‘சத்தம் போடாதே’ என்று யாரும் சொல்லவில்லை, அவர்களும் போடவில்லை. அந்த நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு சுருட்டைமுடிக்காரி. வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். இந்த அறையை வாங்க ஒன்பது வருடம் சண்டை போட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். வண்டி மிஸ்ஸுக்கு அவளைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது. பொறாமையும் பிடித்தமும் ஒன்றாக வந்ததில் தேநீரின் சுவையே தெரியவில்லை.

பயிற்சி பயிற்சியாகவே நடந்தது. பயிற்றுநர் நான்கு நிறத்தில் ஒட்டுக் காகிதங்களோடு வந்தார். முதல் நாள், புத்தகத்தோடு மனம்விட்டுப் பழகுவது எப்படி. இரண்டாம் நாள், பழகியதைப் படமாக வரைவது எப்படி. மூன்றாம் நாள், ‘உங்கள் நூலகம் ஒரு விலங்கு என்றால் எந்த விலங்கு?’ என்று மஞ்சள் காகிதம் கொடுத்தார்கள். ஒருவர் யானை என்றார், ஒருவர் டால்பின் என்றார். வண்டி மிஸ் நத்தை என்று எழுதப் போய், நத்தைக்காவது முதுகில் வீடு இருக்கிறதே என்று அடித்துவிட்டாள். கடைசியில் வெற்றுக் காகிதத்தைத்தான் ஒட்டினாள். ‘வெறுமைக்கும் இடம் தரும் துணிச்சல்’ என்று பயிற்றுநர் பாராட்டினார்.

ஏழாம் நாள்தான் வினை வந்தது. ஒவ்வொருவரும் தங்கள் நூலகத்தின் படத்தைத் திரையில் காட்ட வேண்டும். கண்ணாடிக் கூரை போட்ட நூலகம் வந்தது, நடுவில் மரம் வளர்கிற நூலகம் வந்தது. வண்டி மிஸ்ஸின் கைபேசியில் இருந்தது ஒரே படம்: தாழ்வாரம், வண்டி, சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகளின் முதுகு.

“அழகாக இருக்கிறது. இது புத்தகம் எடுத்துப் போகிற வண்டி. நூலகம் எங்கே?” என்று பயிற்றுநர் கேட்டார்.

அந்த நிமிடத்தில் அவள் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அறை இல்லை, பதினோரு முறை கேட்டேன், தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஊர் மானம், பள்ளி மானம், தன் மானம் எல்லாம் சேர்ந்து அவள் நாக்கைப் பிடித்து இழுத்தன.

“இதுதான் நூலகம்,” என்றாள். “பிள்ளை புத்தகத்தைத் தேடி வரக் கூடாது. புத்தகம்தான் பிள்ளையைத் தேடிப் போகணும். அறையே வேண்டாம்னு நாங்க விட்டுட்டோம்.”

பயிற்சிக்கு வைத்திருந்த மொழிபெயர்ப்பாளர் அதை இன்னும் கொஞ்சம் அழகாக்கிச் சொல்லியிருக்க வேண்டும். கைதட்டல் எழுந்தது. கண்ணாடிக் கூரைக்காரர் எழுந்து நின்று தட்டினார். பயிற்றுநர் ‘சுவர்களற்ற நூலகம்’ என்று பலகையில் எழுதி மூன்று கோடு போட்டார். வண்டியின் மேல் தட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். ‘ஊசி’, கதைதான் பிள்ளைகளுக்கு மருந்து என்ற பொருளில், என்றாள். அதற்கும் கைதட்டினார்கள். சுருட்டைமுடிக்காரி மட்டும் தட்டாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பியதும் கணவரிடம் நடந்ததைச் சொன்னாள்.

“பொய்யா சொன்ன?” என்றார்.

“பொய் இல்லங்க. மானத்தைக் காப்பாத்தினேன்.”

“யாரோட மானத்தை?” என்று கேட்டுவிட்டு அவர் தைக்கப் போய்விட்டார்.

மறுநாள் சாவி கேட்கப் போனாள். தலைமையாசிரியர் எழுந்து நின்று வரவேற்றார். மேசையில் வெளிநாட்டுக் கடிதம் ஒன்று இருந்தது.

“டீச்சர், நம்ம பள்ளியை எங்கயோ கொண்டுபோயிட்டீங்க. துறையிலிருந்தே பேசினாங்க. சுவர்களற்ற நூலகம். இதைப் பாக்க அங்கங்கே இருந்து ஆளுங்க வரப்போறாங்க.”

“சார், அந்த அறைச் சாவி...”

“அறையா? ஊரே மெச்சுற நூலகத்தை ஒரு அறைக்குள்ள போட்டு அடைக்கச் சொல்றீங்களா? நீங்களே வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க, இதோ அச்சுல இருக்கு.” அவர் உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தார். “அந்த அறையை நான் வீணாக்கல டீச்சர். உங்க நூலகத்தைப் பாக்க வர்றவங்க உக்கார்றதுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்.”

ஒரே மாதத்தில் பழைய ஆய்வகத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜன்னலுக்குத் திரை வந்தது, மெத்தை வைத்த நாற்காலிகள் வந்தன, வாசலில் ‘பார்வையாளர் அறை’ என்று பலகை தொங்கியது. வண்டி மிஸ் தினமும் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த வாசலைக் கடந்து போனாள். தன் வாயாலேயே கெட்டேன் என்று அவள் தன்னைத் திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

முதல் பார்வையாளர் குழு வரவிருந்த காலை, சுருட்டைமுடிக்காரியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவள் எப்போதும் போல் மரியாதையாகவே எழுதியிருந்தாள். உங்கள் பேச்சு எங்கள் நிர்வாகத்தை மிகவும் கவர்ந்துவிட்டது. என் அறையை எடுத்துக்கொண்டு இரண்டு வண்டிகள் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கட்டடத்துக்கு மூன்று மாடிகள். ஒரு சந்தேகம் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். நீங்கள் வண்டியைப் படியில் எப்படி ஏற்றுகிறீர்கள்?

வண்டி மிஸ் அதை இரண்டு முறை படித்தாள். ஒன்பது வருடம் சண்டை போட்டு வாங்கிய அறை தன்னுடைய ஒரு வாய்ப்பேச்சில் போயிற்று என்பது முதல் முறையில் உறைத்தது. இரண்டாம் முறை படித்தபோது அந்தக் கேள்வி உறைத்தது. வண்டியை அவள் படியில் ஏற்றியதே இல்லை. ஏற்ற முடியாது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் மாடியில் இருந்தன. வண்டி வாசலுக்கு வருகிற வகுப்புக்குத்தான் புத்தகம் என்பது வழக்கம்; நான்கு வருடத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம்கூடப் போனதில்லை. வெளிநாட்டில் இருபது பேர் கைதட்டினார்கள், ஒருவரும் இதைக் கேட்கவில்லை. அவளும் நினைத்துப் பார்க்கவில்லை. அவமானம் என்றால் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

உடனே உட்கார்ந்து பதில் எழுதினாள். ‘ஏற்றுவதில்லை. நான் சொன்னது பொய். எங்களுக்கு அறை கொடுக்கவில்லை, அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். இந்தக் கடிதத்தை உங்கள் நிர்வாகத்திடம் காட்டுங்கள். உங்கள் அறையைத் திருப்பிக் கேளுங்கள்.’ அனுப்பிவிட்டு, வண்டியைத் தாழ்வாரத்திலேயே விட்டுவிட்டு, பார்வையாளர் அறைக்குள் போனாள்.

ஒன்பது பேர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் அவளை அறிமுகப்படுத்தினார். சந்தேகம் ஏதாவது இருந்தால் கேட்கலாம் என்றார். யாருக்கும் சந்தேகம் இல்லை.

“ஒருத்தங்க கேட்டிருக்காங்க,” என்றாள் வண்டி மிஸ். “வண்டியை மாடிக்கு எப்படி ஏத்துறீங்கன்னு. ஏத்துறதில்ல.”

முன்வரிசையில் இருந்தவர் பேனாவை எடுத்தார். “அருமை. அப்ப பெரிய பிள்ளைங்க தாங்களாவே தேடி இறங்கி வர்றாங்க. அதுவும் ஒரு பயிற்சிதானே?”

“ஆமா,” என்றார் தலைமையாசிரியர்.

“இல்ல,” என்றாள் அவள். “அவங்களுக்குப் புத்தகமே கிடையாது. எங்களுக்கு நூலகம் இல்ல. ஒரு அறை இருந்திருந்தா எல்லாப் பிள்ளைங்களும் வந்திருப்பாங்க. அந்த அறையிலதான் இப்ப நீங்க உக்காந்திருக்கீங்க.”

ஒன்பது பேரும் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். அவர் திரைச்சீலையைப் பார்த்தார். கடைசி வரிசையில் இருந்த ஒருவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். மற்றவர்கள் யாரும் எழாததைப் பார்த்து, மெதுவாகத் திரும்ப உட்கார்ந்துகொண்டார்.