எழுநூறு லக்ஸும் ஐந்து முன்பற்களும்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பல் செய்கிறார்கள். மருத்துவர்கள் அளவும் நிறத்தின் எண்ணும் அனுப்புவார்கள். இங்கே பீங்கான் பொடியைக் குழைத்து, சுட்டு, அந்த எண்ணுக்குரிய மாதிரிப் பல்லோடு நிறம் ஒப்பிட்டு அனுப்புவார்கள். நடத்துபவரைத் தெருவே 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடும். நிறம் பார்க்கும் மேசையில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவர் மனைவியின் அக்கா. நான் நேர் மேல் வீடு. ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது; ஜன்னலை மூடும் பழக்கம்தான் அவர்களுக்குக் கிடையாது.

போன மாதம் மாப்பிள்ளை பழைய விளக்குகளைக் கழற்றிவிட்டுக் கூரை முழுக்க எல்இடி பேனல் மாட்டினார். தெருவில் போனவர்கள் நகைக்கடை திறந்திருக்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தார்கள். பரிசோதகர் ஒருவர் மேசையில் வெளிச்சம் அளக்கும் மீட்டரை வைத்து, "ஐந்நூறு லக்ஸ் இருந்தா போதும், இங்க எழுநூறு இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார். மாப்பிள்ளை அதை ஃபிரேம் போட்டு வாசலில் மாட்டினார். அவர் கல்யாணப் போட்டோவுக்கு இன்னும் ஃபிரேம் வரவில்லை.

அதன்பின் பற்கள் திரும்பி வர ஆரம்பித்தன. மூன்று வாரத்தில் ஐந்து, எல்லாமே முன்பல். பக்கத்துப் பல்லோடு நிறம் சேரவில்லையாம்.

"வயசானா கண்ணு அப்படித்தான்க்கா," என்றார் மாப்பிள்ளை.

"கண் டாக்டர் சீட்டு உங்க மேசையிலதான் கிடக்கு. என் கண்ணுல ஒண்ணுமில்ல."

"அப்ப வெளிச்சத்துலயா குறை? வாசல்ல போய்ப் படிச்சுப் பாருங்க. திங்கக்கிழமையிலேருந்து என் சித்தப்பா மகன் நிறம் பாக்கட்டும். நீங்க அச்சு வார்க்கிற பக்கம் போயிடுங்க."

அக்கா திரும்பி வந்த பற்களைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். அவள் வாயை மூடினால் கையைக் கட்டிக்கொண்டிருக்க மாட்டாள் என்பது அவள் தங்கைக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குப் பதினாறு வருஷத்திலும் பிடிபடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் தற்செயலாகக் குப்பை கொட்டக் கீழே போனேன். வாளியில் குப்பை இல்லாதது வேறு விஷயம். அக்கா திரும்பி வந்த ஐந்து பற்களையும், பக்கத்திலேயே அவற்றின் மாதிரிகளையும் தட்டில் வைத்து, பேனலுக்குக் கீழே நீட்டினாள்.

"எது சேரலன்னு காட்டுங்க மாப்பிள்ளை."

அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு?"

"வாங்க வெளிய."

தெரு வெளிச்சத்தில் ஐந்து பற்களும் லேசாகச் சிவந்து நின்றன. மாதிரிகள் பக்கத்தில் வெளிறித் தெரிந்தன. எனக்கே தெரிந்தது என்றால் பாருங்கள்.

"உங்க புது விளக்குல சிவப்பு சரியாத் தெரியல. கூடிப்போனது கண்ணுல படவே இல்ல," என்றாள் அக்கா.

மாப்பிள்ளை அசையவில்லை. "சான்றிதழ் இருக்கேக்கா."

அக்காவும் அசையவில்லை. பரிசோதகரையே கூப்பிட்டு வரவழைத்துவிட்டாள்.

"எண்ணு சரியா இருக்கேம்மா," என்றார் அவர்.

"நிறம்?"

"அதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்ல."

"எங்க வேலையே நிறம்தான் சார். மீட்டர மேசையில வெச்சீங்க. நான் பல்ல மூஞ்சிக்கு நேரா பிடிச்சில்ல பாக்கறேன். அங்க வெச்சுப் பாருங்க."

அவர் மீட்டரை அவள் முகத்துக்கு எதிரே செங்குத்தாகப் பிடித்தார். இருநூற்று அறுபது.

"ஐந்நூறுங்கறது மேசை மட்டத்துக்கும்மா."

"அப்ப மேசையவே நிறம் பாக்கச் சொல்லுங்க."

சித்தப்பா மகன் சிரித்துவிட்டு, மாப்பிள்ளை முகத்தைப் பார்த்ததும் இருமினான். பரிசோதகர் படிவத்தைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் இந்த வெளிச்சம் நிறம் பார்க்கப் போதாது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சரிக்கா, மேசை உங்களுதுதான்," என்றார் மாப்பிள்ளை. ஏதோ தானம் கொடுப்பது போன்ற குரல்.

"மேசை மட்டும் போதாது. விளக்கு நான் பாத்து வாங்குவேன். அது வர்ற வரைக்கும் ஜன்னலோரம், பத்துலேருந்து ரெண்டு மணி வரைக்கும்தான் நிறம் பாப்பேன். தாமதமாகும்னு டாக்டருங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க."

அவர் சொன்னார். குரல் மேல் மாடிவரை கேட்டது, அத்தனை பணிவு.

விளக்குக் கடைக்கு நான் துணைக்குப் போனேன், யாரும் கூப்பிடவில்லை. கடைக்காரர் எத்தனை வாட் என்று கேட்டார். அக்கா கைக்குட்டையைப் பிரித்து, திரும்பி வந்த பல் ஒன்றையும் அதன் மாதிரியையும் ஒவ்வொரு விளக்கின் கீழும் பிடித்தாள். மூன்று விளக்கில் இரண்டும் ஒரே நிறம்.

"அட, அச்சா ஒண்ணாவே இருக்கேம்மா. இதையே எடுத்துக்குங்க," என்றார் கடைக்காரர்.

"வேண்டாம், அடுத்தது போடுங்க."

நாலாவதில் பல் சிவந்தது.

"இது சரியில்லம்மா, ரெண்டும் வேற வேறயா தெரியுது."

"இதுதான் வேணும்," என்றாள் அக்கா. "ரெண்டு கொடுங்க. ஒண்ண மூஞ்சி உயரத்துக்கு மாட்டணும்."