கரடிக்கா, க்ளிஃபுக்கா

வெல்டா ப்ரூக்னர் வாங்க நினைத்தது இரண்டு கைத்துப்பாக்கிகள். இரண்டையும் ஒரே மூச்சில் வாங்க வசதியில்லை. எதை முதலில் வாங்குவது என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று நீளக்குழல் ரிவால்வர். தூக்கினாலே மணிக்கட்டு கடுக்கும். ஜூலைக் கடைசியில் சால்மன் மீன் ஓடையேறும்போது அதன் பின்னாலேயே கரடியும் வந்துவிடும். மீன் பிடிக்கப் போகிற எவரும் இப்படி ஒன்றை மார்போடு வாரில் கட்டிக்கொண்டுதான் போவார்கள். மற்றது உள்ளங்கையளவு பிஸ்டல். வெல்டா சரளைச் சாலைகளைச் சமன்செய்யும் கிரேடர் ஓட்டுகிறவள். ஆளரவமில்லாத இடத்தில் வண்டி நின்றுபோனால், கோட்டுப் பையில் அது கிடந்தால் தைரியம்.

வாரம் ஒருமுறை லைலின் துப்பாக்கிக் கடைக்குப் போவாள். லைல் கண்ணாடிப் பெட்டியின்மேல் துணி விரித்து இரண்டையும் எடுத்து வைப்பார். மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவாள். போன வாரம்தான் ஒருவழியாகத் தீர்மானித்தாள். "கரடி காத்திருக்காது லைல். பெருசு முதல்ல. சின்னது கிறிஸ்துமஸுக்கு."

இந்தப் புதன்கிழமை மாலை கடைக் கதவை அவள் அறைந்து சாத்திய வேகத்தில் சுவரிலிருந்த மான்கொம்பு ஆடியது.

"சின்னதைக் குடுங்க."

"பெருசுன்னுதானே சொன்னே?"

"மனசு மாறிடுச்சு. குடுங்க."

லைல் துணியை விரிக்கவில்லை. அவருக்கு விஷயம் தெரியும். அந்தப் பள்ளத்தாக்கில் இருநூறு குடும்பம். அத்தனை பேருக்கும் தெரியும்.

முந்தின நாள் வெல்டா வேலைக்குப் போயிருந்தபோது பக்கத்து நிலத்துக்காரன் க்ளிஃப் ராஸ்கி அவள் நாய் மேபலைச் சுட்டுவிட்டான். மாலையில் அவனே வந்தான், நாயின் கழுத்துப்பட்டையை விரலில் சுழற்றிக்கொண்டு. "உன் நாய் என் கோழிக்கூட்டுல பூந்துச்சு. போட்டுட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

மேபலுக்குப் பதின்மூன்று வயது. பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டுவிட்டன. வாசலில் இருக்கிற மூன்று படி ஏறவே வெல்டா தூக்கிவிட வேண்டும். அதுவா கோழியைத் துரத்தும்?

புதன்கிழமை காலை போலீஸ்காரர் ஒருவர் வந்தார். வண்டியைவிட்டு இறங்கவேயில்லை. கண்ணாடியை இறக்கி, க்ளிஃபின் வேலிக்குள் கிடந்த நாயைப் பார்த்தார். "அவர் வேலிக்குள்ளதான கிடக்கு. அவர் நிலம், அவர் கோழி. நான் என்னம்மா செய்ய?" கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

"வெல்டா, இன்னிக்கு விக்க மாட்டேன்" என்றார் லைல்.

"ஏன்? என் பேருல கேஸ் இருக்கா? பைத்தியமா நானு? எந்த ஃபாரத்துல வேணா கையெழுத்துப் போடறேன்."

"எல்லாம் சரியாத்தான் இருக்கும். நீ கோபமா இருக்கே. பெருசு வேணும்னா இப்பவே எடுத்துட்டுப் போ. அதை யாரும் கோட்டுப் பையில போட்டுட்டு அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது."

வெல்டாவின் முகம் செங்கல்லாகச் சிவந்தது. இருபது வருடமாக 'நீங்க' என்று பேசிய வாய் மாறிவிட்டது.

"க்ளிஃபுக்கு ரைஃபிளை வித்தது யாரு? நீதானே! அப்ப அவனை நிறுத்தி வச்சு, கோபமா இருக்கியாடான்னு கேட்டியா?"

லைல் கண்ணாடிப் பெட்டியைப் பூட்டினார். "அவன் கோபமா வரல. சிரிச்சிட்டே வந்தான். சிரிக்கிறவன்கிட்ட என்னன்னு கேக்குறது?"

"அப்போ சிரிச்சிட்டே வந்தா எனக்கும் தருவியா? இந்தா, சிரிக்கிறேன்." அவள் பல்லைக் காட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை. "உன் பெருசும் வேண்டாம், சின்னதும் வேண்டாம். நீயே கட்டிக்கிட்டு அழு."

வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். க்ளிஃபின் வேலியோரம் வந்ததும் நிறுத்தி இறங்கினாள். அவன் காலையில் காபிக் கோப்பையோடு எந்தப் படியில் உட்காருவான், எத்தனை மணிக்கு உட்காருவான், அங்கிருந்து சாலைக்கு எத்தனை தப்படி, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நேற்றிரவு முழுக்க அதைத்தான் எண்ணிக்கொண்டு கிடந்தாள்.

மூச்சு வாங்கக் குனிந்தபோதுதான் சாலையைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அவளே சமன்செய்த சாலை. கிரேடர் தகட்டின் கோடுகள் சீப்பால் வாரியதுபோல இன்னும் கிடந்தன. நட்டநடுவில் ஓர் இடத்தில் அந்தக் கோடுகள் கலைந்திருந்தன. சரளை கருத்து ஒட்டிப்போயிருந்தது. அங்கிருந்து வேலிவரை எதையோ இழுத்துக்கொண்டு போன தடம். பக்கத்திலேயே பூட்ஸ் குதிகால் குழிகள். கீழ்க் கம்பியில் மஞ்சள் மயிர் ஒரு கொத்து.

மேபல் கோழிக்கூட்டுக்குப் போகவேயில்லை. சாலையில் நடந்துபோனதைச் சுட்டு, வேலிக்குள் இழுத்துப் போட்டிருக்கிறான்.

தடத்தின் மேலேயே டயர் பட்டை ஓடியிருந்தது. அவளுடைய வண்டியின் டயர்தான். நேற்று மாலையிலிருந்து நான்கு தரம் இதன்மேல் போயிருக்கிறாள். கண்ணெல்லாம் அவன் வாசற்படிமேலேயே இருந்ததால் காலடியில் கிடந்தது தெரியவில்லை. "முட்டாளே, முட்டாளே" என்று தன் தொடையிலேயே அறைந்துகொண்டாள்.

இன்னும் இரண்டு வண்டி போனால் ஒன்றும் மிஞ்சாது. அரை மைல் தள்ளி, சாலை பிரியும் இடத்தில் கிரேடர் நின்றது. அதை ஓட்டிவந்து சாலைக்குக் குறுக்கே நிறுத்தித் தகட்டைத் தரையில் இறக்கினாள். மறுபுறம் தன் வண்டியைக் குறுக்கே விட்டு, ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்தாள். வயர்லெஸ்ஸை எடுத்துச் சாலை அலுவலகத்தைக் கூப்பிட்டாள். "ரோட்டை அடைச்சிட்டேன். போலீஸ் வந்து பார்த்தாத்தான் எடுப்பேன். அதுவரைக்கும் யாரும் போக முடியாது."

மணி ஏழரை, அந்த வடகோடிக் கோடையில் வெயில் இன்னும் சாயவில்லை. ஊருக்குள் குடிக்கப் போகக் கிளம்பிய க்ளிஃப் தன் பிக்கப்பை நிறுத்தி இறங்கினான்.

"என்ன ரோட்டுக்காரம்மா, ஒரு கிழட்டு நாய்க்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"அங்கயே நில்லுடா."

"வேணும்னா குட்டி ஒண்ணு வாங்கித் தரேன். இதைவிட நல்லா நடக்கும்." சிரித்துக்கொண்டே கூம்பைக் காலால் தள்ளிவிட்டு, கருத்த சரளைமேல் பூட்ஸை வைத்துத் தேய்க்கப் போனான்.

வெல்டாவின் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. பையில் ஒன்றுமில்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்ததில் லைல்மேல் நன்றி ஒன்றும் சுரக்கவில்லை. அவர் சொன்னது சரியாகிவிட்டதே என்று இன்னும் ஆத்திரம்தான் வந்தது. வெறுங்கையோடு ஓடி அவன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். க்ளிஃப் சாலையோரப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தான்.

"நடுரோட்டுல சுட்டுட்டு உள்ள இழுத்தியேடா! வேலிக்கம்பியில மயிர் இருக்கு. போ, அதையும் போய்த் துடை. நான் பாத்துட்டே நிக்கறேன்."

அவன் வேலியைப் பார்த்தான். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

நாய்க்காக வண்டியைவிட்டு இறங்காத போலீஸ், சாலை அடைத்ததற்காக நாற்பது நிமிடத்தில் வந்தது. இந்தமுறை ஒரு இளம்பெண். குந்தி உட்கார்ந்து அளந்தாள், படமெடுத்தாள், சாலையோரப் புல்லைத் துழாவித் தோட்டாவின் வெற்றுக்கூட்டைக் கண்டெடுத்தாள். வெல்டா மேபலைக் கம்பளியில் சுற்றி, அந்தப் பெண் போலீஸின் கண்ணெதிரே வேலிக்கு வெளியே தூக்கிவந்தாள்.

செப்டம்பரில் க்ளிஃபுக்கு அபராதம் விழுந்தது. பொதுச்சாலையில் துப்பாக்கி சுட்டதற்கு மட்டும். நாயைக் கொன்றதற்கு ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் சாலையை அடைத்ததற்காக வெல்டாவை மறுநாளே மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

சாலையை அடைத்த அந்த வாரச் சனிக்கிழமையே அவள் லைலின் கடைக்குப் போனாள்.

"பெருசைக் குடுங்க. மீன் ஏற ஆரம்பிச்சிடுச்சு."

லைல் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "இன்னும் கோபமாத்தான் இருக்கே."

"ஆமா."

"யார் மேல?"

"உங்க மேல."

"அப்போ சரி" என்று துணியை விரித்தார். சின்னதை அவர் எடுத்துக் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அந்தச் சாலையைச் சமன்செய்யச் சொல்லி உத்தரவு. மழையில் குழி விழுந்து, ஊரார் புகார் செய்திருந்தார்கள். க்ளிஃப் வாசற்படியில் காபியோடு உட்கார்ந்திருந்தான். அவள் பக்கம் தலையைத் திருப்பவில்லை. அந்த இடம் வந்ததும் வெல்டா வண்டியை நிறுத்தினாள். கருப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் உரக்கத் திட்டித் தீர்த்தாள்: அவனை, முதலில் வந்த போலீஸ்காரரை, லைலை, நான்கு தரம் அதன்மேல் வண்டி ஓட்டிய தன்னை. பிறகு தகட்டை இறக்கி, மற்ற எல்லா இடத்தையும் போலவே அதையும் சமன்செய்துகொண்டு போனாள்.