ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்

ஈஸ்வரமூர்த்தி என்பவர் நல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். குண்டடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்டுப்பட்டியை ஒட்டி அவருக்குக் கொறங்காடு இருக்கிறது. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு. அதை அவர் எட்டிப் பார்த்தே வருஷக்கணக்காகிறது.

முன்பு என் அப்பா வெள்ளையன்தான் குத்தகைக்கு எடுத்து அதில் செம்மறி மேய்த்தார். ஆடு மேய்ந்தவரை புல் கணுக்காலைத் தாண்டவில்லை. பிறகு ஈஸ்வரமூர்த்தி சோலார்காரனுக்கு விற்கப் போவதாகச் சொல்லி, இரும்பு கேட் மாட்டிப் பூட்டி, சாவியோடு போய்விட்டார். எங்கள் பட்டிக்கு வண்டி போகிற ஒரே தடமும் அந்த கேட்டுக்குள்தான். நாங்கள் வேலிச் சந்தில் நுழைந்து நடந்தோம். உள்ளே புல் இடுப்புயரம் வளர்ந்து, மாசியில் சருகாக நின்றது.

வீட்டில் காலேஜ் படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் அவரிடம் பேசச் சொல்லி போன் என் கைக்கு வந்தது.

“பட்டியோரமா ஒரு சுத்து உழுதுட்டா தீ தாண்டாதுங்க. நாங்களே உழுதுக்கறோமுங்க. சாவி மட்டும் குடுத்தனுப்புங்க.”

“பாக்கலாம் கண்ணு.”

அடுத்த மாதமும் கேட்டேன். அப்போதும் கண்ணுதான். இந்த ஊரில் முடியாது என்பதைக்கூடச் சர்க்கரை போட்டுத்தான் கொடுப்பார்கள்.

பங்குனியில் ஒரு மத்தியானம் காற்றில் கரண்டுக் கம்பிகள் உரசி, சருகில் பொறி விழுந்து தீ பிடித்தது. அப்பா பெரிய ஆடுகளை வேறு காட்டுக்கு ஓட்டிப் போயிருந்தார். பட்டியில் குட்டிகள் மட்டும், கவிழ்த்த கூடைகளுக்கு அடியில் மூடியபடி. அம்மா சந்தில் நுழைந்து ஓடினாள்.

தீயணைப்பு வண்டி தாராபுரத்திலிருந்து வரவேண்டும். அதற்குள் பக்கத்துக் காட்டு மகுடேஸ்வரன் அண்ணன் டிராக்டரில் தண்ணி டேங்கரோடு வந்துவிட்டார். வந்து, கேட் முன்னால் நிறுத்திவிட்டார்.

“ஒடைங்கண்ணா!”

“இரு புள்ள. அடுத்தவங்க கேட்டு. ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்.”

ஈஸ்வரமூர்த்திக்குப் போன் போட்டார். கூட வந்த தங்கவேலுவும் தன் போனிலிருந்து போட்டார்.

“எடுக்க மாட்டேங்கறாருங்க.”

“பனியன் வாங்கற பையருகூட மீட்டிங்ல இருப்பாரு. வாட்ஸப்புல ஒரு போட்டோ போட்டு உடுங்க.”

தங்கவேலு நிஜமாகவே போட்டோ எடுத்தார். வெயில் எதிரே அடிக்கிறது என்று தள்ளி நின்று இன்னொன்று எடுத்தார்.

டிராக்டரில் கடப்பாரை கிடந்தது. உருவிக்கொண்டு வந்து அடித்தேன்.

“ஏய், கேஸாயிரும் புள்ள!”

பூட்டு கல் மாதிரி இருந்தது. பூட்டு தொங்கிய கொண்டி பெயர்ந்து காலடியில் விழுந்தது. அப்புறம்தான் டிராக்டர் நகர்ந்தது.

பட்டியில் பாதி மிஞ்சியது. அம்மா இடுப்புக்கு ஒன்றாக இரண்டு குட்டிகளைத் தூக்கி வந்திருந்தாள், முந்தானை கருகியிருந்தது. மற்றவை ஓடக்கூட இல்லை. எப்படி ஓடும்? கூடைகள் எரிந்து சாம்பல் வட்டமாகக் கிடந்தன. குட்டிகள் அந்த வட்டத்துக்குள்ளேயே கிடந்தன.

மறுநாள் ஈஸ்வரமூர்த்தி காரில் வந்தார். பட்டிப் பக்கம் திரும்பவில்லை.

“கேட்ட ஒடச்சது யாருடா, வெள்ளையா?”

அப்பா அவரைவிட மூத்தவர். தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். “தீ புடிச்சிருச்சுங்க சாமி. அவசரத்துல... தப்புத்தானுங்க.”

“ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?”

மகுடேஸ்வரன் அண்ணன் கேட்டைப் பார்த்தார். நேற்று அழைத்ததெல்லாம் பதிவான போன் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை.

“நாந்தான் ஒடச்சேன்.”

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“என்ன புள்ள, மரியாதையே காணோம்? படிப்பா?”

“மரியாதையா ரெண்டு தடவ கேட்டேன். நீ பாக்கலாம்னே. இப்பப் பாரு. அந்தா கெடக்குது, போய்ப் பாரு.”

‘ங்க’ இல்லாமல் அவரிடம் யாரும் பேசியதில்லை போலிருக்கிறது. டிரைவரிடம் கையை ஆட்டினார். டிரைவர் காரிலிருந்து புதுப் பூட்டு ஒன்றை எடுத்து வந்தான். அட்டை கூடப் பிரிக்கவில்லை. வரும் வழியில் நிறுத்தி வாங்கியிருக்கிறார்!

டிரைவர் கேட்டைத் தடவிப் பார்த்தான். “மாட்டறதுக்குக் கொண்டி இல்லீங்க.”

நேற்று காலடியில் விழுந்த கொண்டி என் கையில் இருந்தது.

“குடுத்துரு சாமி,” என்றார் அப்பா, என்னிடம்.

கொடுக்கவில்லை.