மாம்பழம் என்றவர்களின் காதுக்கொடிகள்

அமெரிக்காவின் யாகிமா பள்ளத்தாக்கில் ஒரு செப்டம்பர் கடைசியில், பீரில் மாம்பழ மணம் வீசுவதாகப் பொய் சொன்ன நாற்பத்தொரு பேருக்குக் காதிலிருந்து ஹாப்ஸ் கொடி முளைத்தது. அந்த வாரம் ஆப்பிள் விலையும் சற்று இறங்கியிருந்தது. தப்பு, பீர் வடிக்கும் கர்டிஸ் ஓபன்டார்ஃபுடையது. பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கும் ஹாப்ஸ் பூவை நாள் பார்த்துப் பறிக்க வேண்டும்; ஒரு வாரம் தாண்டினால் பூண்டு நாற்றம் அடிக்கும். அங்கே தவழும் குழந்தைக்கும் தெரிந்த இதை, மணம் இன்னும் ஏறட்டும் என்ற பேராசையில் அவன் மறந்தான். உலர்த்தும் கூடத்தில் இருபது ஆண்டுகளாகப் பூவை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து தரம் சொன்னவள் அவன் மனைவி ரோண்டா. "இன்னிக்கே பறிச்சிடு கர்டிஸ், விட்டா பூண்டுதான்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "உன் மூக்குக்கு எப்பவும் அவசரம்" என்றான் அவன்.

நல்ல பார்லி மால்ட், மலைத் தண்ணீர், சுத்தமான ஈஸ்ட், மூன்றையும் அந்தப் பூ கெடுத்தது. அவன் வடித்த பேல் ஏல் என்ற பீர் பொன்னிறமாகத்தான் வந்தது, முகர்ந்தால் பூண்டு. கர்டிஸ் அசரவில்லை. "மாம்பழம், பம்ளிமாஸ், பைன் பிசின், கடைசியில் இதமான கசப்பு. பொரித்த கோழி, மீன் டாக்கோ, முதிர்ந்த செடார் சீஸோடு பொருந்தும்" என்று கடைப் பலகையில் எழுதிவைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதைவிட எளிது. ஆனால் பலகையைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு நாக்கு எதற்கு? பல் மருத்துவர் ப்ரூயிட் கண்ணை மூடிக் கோப்பையைச் சுழற்றி, "ஆகா, மாம்பழம்! அதுவும் தோலை ஒட்டின சதை" என்றார். வீடு போய்ச் சேர்வதற்குள் இடது காதில் துளிர் விட்டது. துளிர் விட்ட பிறகும் மாம்பழம் என்றே சாதித்தார். மற்றவர்களும் அப்படியே. எல்லாரும் படித்த ஜனங்கள்.

கர்டிஸுக்கு இரண்டு காதிலும் முளைத்தது. அறுவடை விழாவில், நடுவர்கள் முன்னால் ரோண்டாவின் கையில் கோப்பையைத் திணித்தான். அவள் சொன்னால் பள்ளத்தாக்கே நம்பும்.

"ஒரே வார்த்தை, ரோண்டா. என் மானம் உன் வாயில இருக்கு."

அவளுடைய மானமோ அந்த மூக்கில் இருந்தது. அவனை அவள் நேசித்தாள். குடித்தாள்.

"பூண்டு. இதுக்குக் கோழி எதுக்கு? தொட்டுக்க ரொட்டி போதும்."

குளிர்காலம் முழுக்க அவன் அவளோடு பேசவில்லை. வசந்தத்தில் காதுக்கொடிகள் மறுபடி கிளம்பின. வெட்டிப் பார்த்து அலுத்தவர்கள் வாசல் தூணுக்குக் கயிறு கட்டி ஏற்றிவிட்டார்கள். ஆகஸ்டு கடைசியில் ஒருநாள் காலை உணவின்போது, ரோண்டா கணவனின் காதருகே குனிந்து முகர்ந்தாள். "இன்னிக்கு" என்றாள். முக்காலி போட்டு ஏறி அவளே பறித்தாள், பிறகு மற்ற நாற்பது பேரிடமும். அந்தப் பூவில் வடித்த பீரை ஊரே பார்க்கக் குடித்தாள்.

"மாம்பழம்" என்றாள்.

எல்லாரும் அவள் காதைப் பார்த்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. அதன் பிறகு ஆண்டுதோறும் அவள் சொல்லும் நாளில் நாற்பத்தொரு பேரும் உலர்த்தும் கூடத்து வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். முதல் ஆளாக, தலையைச் சாய்த்துக்கொண்டு, கர்டிஸ்.