பூட்டு ஜோக்

1

“அந்தப் பூட்டு ஜோக்கை மட்டும் எடுத்துடும்மா.”

“மேடம், ஒத்திகையில அதுக்குத்தான் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.”

“அவர் சிரிக்கலையே.”

ஒப்பனை அறையில் நடந்த இந்தப் பேச்சிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. மேடம் நடிகை. ‘அவர்’ என்பது நடிகரான கணவர், எங்களுக்கு ‘சார்’. ஊரே கண்வைக்கும் ஜோடி. இருவரும் சேர்ந்து வழங்கும் இரண்டு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சிக்கு, ஒருவரையொருவர் வாரிக்கொள்ளும் வசனங்களை எழுதுவது நான். என் மேசையில் நான் தட்டத் தட்ட, கேமராவுக்குக் கீழே உள்ள திரையில் அவை ஓடும், பார்த்துப் படிப்பார்கள்.

[முதலில் ‘அந்தப் பிற்பகல் அரங்கம் ஒளியில் மிதந்தது’ என்று தொடங்கினேன். அழகாக இருந்தது. பயம் வரவில்லை. அடித்துவிட்டேன்.]

2

ஒரு வாரம் முன்பே இருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து, “வீட்டுல நடக்கற காமெடி ஏதாவது சொல்லுங்க” என்று கேட்பது என் வழக்கம். மேடம் வெகுநேரம் யோசித்தார்.

“அவர் வெளிய போறப்ப என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போவார்.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் சிரித்தேன். மேடமும் சிரித்தார், என்னைவிட ஒரு நொடி தாமதமாக.

அந்த நொடியை நான் குறித்துக்கொள்ளவில்லை. ‘பூட்டு: சூப்பர்’ என்றுதான் எழுதினேன்.

ஒத்திகை முடிந்ததும் சார் என் மேசைக்கு வந்தார். திறந்து கிடந்த என் பேனாவை எடுத்து, பொறுமையாக மூடி போட்டார்.

“நல்ல ஜோக். நீயே யோசிச்சதா?”

“இல்ல சார், மேடம் சொன்னாங்க.”

“ஓஹோ.”

(வாசகரே, பொய் சொல்லியிருக்கலாம். என் பிழைப்பே பொய் எழுதுவதுதான். அப்போது பார்த்து உண்மை வாயில் வந்துவிட்டது.)

3

நேரலை. ஜோக்கை எடுத்துவிட்டிருந்தேன். திரையில் ‘அடுத்து ஒரு நடனம்’ என்று நின்றது. சார் திரையைப் பார்க்கவேயில்லை.

“ஒரு ரகசியம் சொல்லவா? இவளை நான் பூட்டி வெச்சுட்டுத்தான் வெளிய போவேன்!” சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஆட்டினார். “விட்டா ஊர் பூரா கதை சொல்றாளே!”

கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. சார் மேடத்தின் தோளில் கை போட்டுக்கொண்டார். மேடம் திரையைப் பார்த்தார், அதாவது என்னை. என் விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. ‘எனக்கு உத

[இந்த வரியை முடிக்கவில்லை. முடித்து, மேடம் அதைப் படித்திருந்தால், அதற்கும் கைதட்டியிருப்பார்கள்.]

அழித்தேன். “அடுத்து ஒரு நடனம்,” என்று மேடம் எழுத்துப் பிசகாமல் படித்தார்.

4

நான் தலையணைக்கடியில் வைத்துப் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் இந்த இடத்தில் பனி பொழியும். யாராவது ரயிலேறித் தப்பிவிடுவார்கள். எழுதிப் பார்த்தேன். சாவியைத் தொலைத்துப் பார்த்தேன். சார் மனம் திருந்துவதாகக்கூட ஒன்று எழுதினேன், வெட்கமாக இருந்தது. ஏழு முடிவுகள். எதை எழுதினாலும் கடைசிப் பத்தியில் கார் வந்து நிற்கிறது. சார் கதவைத் திறந்து பிடிக்கிறார். மேடம் ஏறுகிறார்.

ஆகவே, கார் வருவதற்கு முன்பே நிறுத்திக்கொள்கிறேன். கடைசி விளம்பர இடைவேளை, மூன்று நிமிடம். சார் ரசிகர்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். மேடம் மைக்கைக் கையால் பொத்தியபடி என் மேசைமேல் குனிந்தார்.

“நிகழ்ச்சி முடிஞ்சதும் நான் வீட்டுக்குப் போக வேண்டாத மாதிரி ஏதாவது எழுதேம்மா.”