வடிவம்மைக்கு ஒரு மங்களம்

“பொம்பளையை அழவிட்டுட்டுத் திரையை இறக்கினா, ஊரு நம்மளைத் தேர்வடத்துல கட்டி இழுக்கும் வே, பிள்ளைவாள்” என்றார் கருத்தையா.

கருத்தையா நாடகக் கம்பெனி நடத்துகிறவர். 1913ஆம் வருஷத்து ஆனித் திருவிழாவுக்காகத் திருநெல்வேலியில் கொட்டகை போட்டிருந்தார். அவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிவசைலம், பள்ளிக்கூட வாத்தியார். போன வருஷம் ‘வாராத வண்டி’ என்று ஒரு நாவல் எழுதி அச்சிட்டிருந்தார். படித்தவர்கள் சிலர் அதைப் புகழ்ந்ததைக் கேள்விப்பட்டுத்தான் கருத்தையா அதை நாடகமாகப் போட எடுத்துக்கொண்டார்.

ராஜா வேஷம் கூடாது, தொட்டதற்கெல்லாம் பாட்டு கூடாது, வீட்டு ஜனங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே பேச வேண்டும் என்று சிவசைலம் கேட்டார். கருத்தையா முனகிக்கொண்டே எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். பபூனை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. “அவன் இல்லாட்டா நான்தான் மேடையில ஏறி உருளணும்.”

இப்போது ஒத்திகை கடைசிக் காட்சியில் வந்து நின்றது. நாவலில் வடிவம்மை, பரிசம் போட வரும் முறைமாப்பிள்ளையின் வண்டிக்காகக் காத்திருக்கிறாள். வண்டி வரவில்லை. அவன் பாளையங்கோட்டையில் வசதியான இடத்தில் கல்யாணம் செய்துகொள்கிறான். அவளை வயதான ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

“மங்களம் பாடாம நாடகம் முடியுமா? வெட்டுப்பட்டுச் செத்தவன்கூட எந்திரிச்சு வந்து மங்களத்துக்கு நிப்பான். இது சாமி தேர் ஏறுத நேரம் வேற!”

“இந்தக் கதை அப்படி முடியாது அண்ணாச்சி.”

“வண்டி கொஞ்சம் பிந்தி வரட்டுமே. மாட்டுக்குக் கால் சுளுக்கிட்டுன்னு வச்சுக்கிடும். வாரான், தாலி கட்டுதான், கெட்டிமேளம். சனம் நிறைஞ்ச மனசோட வீட்டுக்குப் போவும். உமக்கு என்ன வே நட்டம்?”

“அந்தப் பாளையங்கோட்டைப் பெண்?”

“அவளைப் பபூன் பார்த்துக்கிடுவான்” என்று கருத்தையா சிரித்தார்.

சிவசைலம் அந்தச் சிரிப்பைக் கவனிக்கவில்லை. அவர் மனம் அந்த வண்டியிலேயே நின்றுவிட்டது.

சேரன்மாதேவியில் அவருடைய மாமா மகள் நீலாம்பாள், பிறந்தபோதே அவருக்கென்று பேசி வைத்தவள். பரிசம் போடக் குறித்த நாளில் மாமா வீட்டு வாசலில் பெரிய கோலம் போட்டுக் காத்திருந்தார்கள். இங்கே சிவசைலத்தின் அம்மா வண்டியைப் பூட்டச் சொல்லவில்லை. மகன் பி.ஏ. படிக்க வேண்டும், அதற்குப் பாளையங்கோட்டையில் பெண்ணும் கொடுத்துப் பணமும் கொடுக்க ஆள் இருந்தது. இருபது வயதுச் சிவசைலம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தொழுவத்துப் பக்கத்தில் வண்டி சும்மா நிற்பதைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்து எழுந்தார்.

நீலாம்பாளை ஏரல் அம்பலவாண பிள்ளைக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். அம்மா காலமான பிறகு பகை ஆறிப் போக்குவரத்து வந்தது. வருஷாவருஷம் ஆனித் தேருக்கு அவர்கள் இருவரும் சிவசைலத்தின் வீட்டில்தான் தங்குவார்கள். பழைய பேச்சை யாரும் எடுத்ததில்லை. வாயால் சொல்ல முடியாததை அவர் நாவலாக எழுதினார். அவள் அதைப் படித்தாளா என்று கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

கொட்டகையிலாவது அந்த வண்டி அவள் வாசலுக்குப் போகட்டுமே என்று இப்போது தோன்றியது. அவள் அதைக் கண்ணால் பார்க்கட்டும். இதைவிட அவளுக்கு வேறென்ன செய்துவிட முடியும்?

“சரி அண்ணாச்சி, வண்டி வரட்டும்” என்றார்.

தேர் நிலைக்கு வந்த அன்று நாடகம். பெண்கள் பக்கத்தில், ஓலைத்தட்டி மறைப்புக்கு அப்பால், நீலாம்பாளும் சிவசைலத்தின் மனைவி பிரம்மநாயகியும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் காட்சிகளில் ஜனங்கள் நெளிந்தார்கள். “ஏலே, வாயில என்ன கொழுக்கட்டையா? பாடுலே!” என்று ஒரு குரல் வந்தது.

அப்புறம் பபூன் வந்தான். பாளையங்கோட்டைப் பெண்ணாகச் சேலை கட்டி, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி தொங்க, அப்பா கொடுத்த இரும்புப்பெட்டியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். கொட்டகை குலுங்கியது. கடைசியில் சலங்கைச் சத்தம் கேட்டது. வண்டி வந்தது. மாப்பிள்ளை குதித்தான். வடிவம்மையின் தோழிகள் விளக்குமாற்றால் பாளையங்கோட்டைக்காரியை மேடையைச் சுற்றிச் சுற்றித் துரத்தினார்கள். தாலி ஏறியது. மங்களம் பாடியபோது ஆண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிவசைலம் மேடையைப் பார்க்கவில்லை. அந்த ஓலைத்தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அம்பலவாண பிள்ளைக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. “தம்பி, ஜோரு! அந்தப் பெட்டிக்காரியைத் துரத்தினானுவளே, எனக்கு வயிறு இன்னும் வலிக்கி!” என்று சொல்லிக்கொண்டே வண்டி பூட்டப் போனார்.

பிரம்மநாயகி அடுக்களையில் அவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். நீலாம்பாள் முற்றத்தில் நின்ற சிவசைலத்திடம் வந்தாள்.

“அத்தான், உங்க புஸ்தகத்தை அட்டை கழண்டு போற வரைக்கும் வாசிச்சேன்.”

அவர் அடுக்களைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

“வண்டி வராததுக்கு ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன். அம்மா பிடிவாதம், அது இதுன்னு. ஒண்ணும் சொல்லலை. அவன் சாப்பிட்டு எந்திரிச்சான்னு எழுதியிருந்தீங்க. அந்த ஒரு வரியிலதான் என் மனசு ஆறிச்சு. செஞ்சது என்னன்னு செஞ்சவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு, அது போதும்னு இருந்தேன்.”

“நீலா, நேத்து அப்படி மாத்தினது உனக்காகத்தான்.”

“தெரியும். அதான் தாங்கலை. வராத வண்டியை வந்துட்டுன்னு காட்டினா, நான் வாசல்ல நின்னது பொய்யாப் போயிருதுல்லா? கொட்டகையில அத்தனை சனமும் கைதட்டுது, எல்லாம் நல்லா முடிஞ்சுதுன்னு. நான் எங்கன போய்ச் சொல்ல?”

அவர் வாயைத் திறக்கும் முன் அவளே தொடர்ந்தாள்.

“என் பாடு கிடக்கட்டும். அக்காவை நினைச்சீங்களா?”

“நாயகியையா?”

“பபூன் சேலை கட்டிக்கிட்டு வந்ததும் அக்கா என் கையைப் பிடிச்சா. மங்களம் பாடி முடியுத வரைக்கும் விடலை.”

“ஏளா, வெயில் ஏறுது!” என்று வாசலிலிருந்து அம்பலவாண பிள்ளை கூப்பிட்டார். நீலாம்பாள் கட்டுச்சோற்றை வாங்கிக்கொண்டாள். “அடுத்த ஆனிக்கு வாரோம்” என்று வழக்கமாக இருவரிடமும் சொல்லுவாள். இந்த முறை அதை அக்காவிடம் மட்டும் சொன்னாள்.

வண்டி தெருமுனை திரும்பியதும் சிவசைலம் சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். கருத்தையா வெற்றிலை போட்டுக்கொண்டு ஆனந்தமாக உட்கார்ந்திருந்தார்.

“இன்னைக்கு முதல் நாவல்ல இருக்கிறபடியே முடியணும் அண்ணாச்சி.”

“என்ன வே இது? தாலி கட்டினதை அவுக்கச் சொல்லுதீரு! தூத்துக்குடியில இருந்து ஆள் வந்து இதே நாடகம்தான் வேணும்னு கேட்டுக்கிட்டு நிக்கான்.”

“அந்தப் பபூன் காட்சியையாவது எடுத்துரும்.”

“அதுக்குத்தான் கூட்டமே” என்றார் கருத்தையா. பிறகு வாத்தியாரின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “என்ன பிள்ளைவாள், வீட்டுல யாரும் வையுதாகளா?”

“யாரும் ஒண்ணும் சொல்லலை” என்று சிவசைலம் திரும்பினார்.

வீட்டில் பிரம்மநாயகி, விருந்தாளிகள் படுத்திருந்த பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர் நிலைப்படியிலேயே நின்றார்.

“நாயகி, அந்த நாவலை நீ வாசிச்சியா?”

“வாசிச்சேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே.”

“கேக்க என்ன இருக்கு? பாளையங்கோட்டைக்காரி பாவம், அப்பா சொன்ன இடத்துல கழுத்தை நீட்டினான்னு எழுதியிருந்தீங்க. நடந்ததும் அதுதானே. நம்மளைத் தப்பா நினைக்கலைன்னு சமாதானமா இருந்துது.”

அவள் இன்னொரு பாயை எடுத்து உதறினாள்.

“நேத்து நீ பாதியிலேயே எழுந்து வந்திருக்கலாமே. சொல்லி அனுப்பியிருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பேன்.”

“எப்படி வர? சுத்தி உக்காந்திருந்த எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம இருந்தா, அது நான்தான்னு தெரிஞ்சு போயிருமில்லா?”

அதை அவள் ஒரு குறையாகச் சொல்லவில்லை. பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு, அடுத்த பாயை எடுக்கக் குனிந்தாள்.