கொக்கி போடாத கூண்டு

அப்பா விட்டுப்போன பன்றிப் பண்ணையை அக்காளும் தம்பியும் பிரித்துக்கொண்டது பாகத்துக்காக அல்ல, கூண்டுக்காக. கொட்டகையில் ஒரு பாதி தம்பிக்கு. அங்கே தாய்ப்பன்றி இரும்புக் கூண்டுக்குள் நிற்கும், படுக்கும், திரும்ப இடமிருக்காது. குட்டிகள் கம்பிக்கு வெளியே கிடந்து பால் குடிக்கும். மறுபாதியில் அக்காள் கூண்டுகளைப் பெயர்த்துவிட்டு வைக்கோல் பரப்பியிருந்தாள்.

“மெத்தை போட்டாச்சு, தலையணையும் வச்சிருக்கா,” என்பான் தம்பி.

“வச்சா நீதான்டா முதல்ல வந்து படுப்ப.”

கேலிக்கு அடியில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. சினையாயிருந்த பன்றி மொட்டைவாலி இந்தமுறை வைக்கோலில் ஈனட்டும். குட்டிகள் பிழைத்துத் தங்கினால் தம்பி பக்கத்துக் கூண்டுகளையும் கழற்றிவிடலாம். தங்காவிட்டால் அக்காள் பக்கமும் கூண்டு வரும். அவள் வாயைத் திறக்கக் கூடாது.

மொட்டைவாலிக்குப் பிறந்தவுடனே வாலை நறுக்கியிருந்தார்கள். சினையிலும் ஈற்றிலும் கூண்டிலேயே காலம் தள்ளியவள். வைக்கோலுக்கு வந்தும் நட்டநடுவில் நேராக நின்றாள். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், அவ்வளவுதான். ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. இல்லாத கம்பியைக் கவ்வி மென்றுகொண்டேயிருந்தாள். வாயோரம் நுரை தள்ளியது. பட்டப்பகலில் அவள் வெறுங்காற்றைக் கடிக்கக் கடிக்க அக்காளின் காதில் இரும்பு உராய்ந்தது. பெயர்த்த கூண்டு போக மனமில்லாமல் அங்கேயே நிற்பதுபோல் இருந்தது. வைக்கோலைக் கிளறும்போது அக்காள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஈன்ற மறுநாள் காலை, மூன்று குட்டிகள் சுவரோரம் நசுங்கிக் கிடந்தன.

கம்பியில் சாய்ந்து சரிந்தே படுத்துப் பழகியவள், சாய ஒன்றுமில்லாமல் சுவரைத் தேடிப் போயிருக்கிறாள். சுவரடியில் குட்டி ஒதுங்க இடம் விட்டுத் தாழ்வாக ஓர் இரும்புக் குழாய் பதித்திருக்க வேண்டும். முன்பு இருந்ததுதான். கூண்டைப் பெயர்த்த வேகத்தில் அக்காள் அதையும் பெயர்த்துவிட்டாள். இரும்பென்று ஒன்று கண்ணில் படக் கூடாது என்று அப்படி ஒரு வைராக்கியம்.

தம்பி சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“கூண்டுல இருந்திருந்தா மூணும் பிழைச்சிருக்கும்க்கா.”

“தெரியும்டா.”

“அப்ப பேசுன பேச்சு?”

“பேச்சுதான். இவளக் கூண்டுக்குக் கூட்டிட்டுப் போ. குட்டிங்கள நான் தூக்கிட்டு வரேன்.”

பன்றியைக் கூண்டில் ஏற்றுவது லேசுப்பட்ட வேலையல்ல. பலகையால் நெருக்க வேண்டும், தோளால் முட்ட வேண்டும், அதன் ஏழு தலைமுறையையும் திட்ட வேண்டும். தம்பி பலகையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தான். அவன் தொடுவதற்குள் மொட்டைவாலி நடந்துவிட்டாள். நடைபாதையைத் தாண்டி, காலியாக இருந்த கூண்டுக்குள் தானே நுழைந்து, தொட்டியில் முகத்தை வைத்து நின்றாள். காதுகள் மட்டும் பின்பக்கம் மடிந்திருந்தன. கொக்கி விழும் ஓசைக்குக் காத்திருந்தாள்.

தம்பியின் கை கொக்கிமேல் இருந்தது. இருந்ததே தவிர, இறங்கவில்லை.

“போடேன்டா.”

“நீ போடுக்கா.”

“என்ன விளையாட்டு இது? உன் கூண்டு.”

“எப்பவும் முரண்டு பிடிக்கும்க்கா. பிடிச்சவரைக்கும் எனக்கு ஒண்ணும் தோணல.” அவன் முகம் பேயறைந்தாற்போல் இருந்தது. “இவ என்னன்னா, எனக்காக நிக்கிறா.”

அக்காளின் மடியில் குட்டிகள் பசியில் கத்தின. தாயின் காது அசைந்தது, உடம்பு அசையவில்லை.

“அந்தச் சுவரோரக் குழாய எங்க போட்ட?” என்றான் தம்பி, அவளைப் பார்க்காமல்.

“கொட்டகைக்குப் பின்னாலதான் கிடக்கு.”

“பதிச்சிரலாம். முதல்ல இவள வெளிய எடு.”

அக்காள் குட்டிகளை வைக்கோலில் விட்டுவிட்டு வந்து, முன்பக்கம் நின்று, மொட்டைவாலியின் நெற்றியில் உள்ளங்கையைப் பதித்துத் தள்ளினாள். தம்பி பின்னாலிருந்து தொடையைத் தட்டிக்கொடுத்தான்.

“வாடி. பின்னாடி ஒண்ணுமே இல்லடி, வா.”

மொட்டைவாலி ஓரடி பின்னால் எடுத்து வைத்தாள். கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. கம்பி இருந்திருக்க வேண்டிய இடத்தில், பின்னங்கால் காற்றில் தயங்கி நின்றது.